கண்டிக்குக் கடல் இல்லை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணியளவில் தொலைபேசி ஒலித்தது. யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர். எண்பதுகளின் நடுப்பகுதியில், பதினாறு வயதில் நாட்டை விட்டுப் போனவர். இப்போது கனடாவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டார். சிங்கப்பூரில் ஏறி துபாயில் இறங்கும் உல்லாசக் கப்பல் ஒன்றில் மனைவியோடு வந்ததாகவும், அன்று காலை கொழும்பில் இறங்கி மாலையில் திரும்ப ஏறிவிட்டதாகவும் சொன்னார்.

"மச்சான், கண்டியும் பார்த்து முடிச்சாச்சு" என்றார்.

கப்பல் புறப்பட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டிலிருந்து துறைமுகம் முச்சக்கர வண்டியில் இருபது நிமிடத் தூரம். என்னை ஏன் முன்கூட்டியே அழைக்கவில்லை என்று கேட்டேன். "நேரம் இல்லையடா, கண்டிக்குப் போக வேண்டியிருந்தது" என்றார். நாற்பது ஆண்டுக் கால நட்பை விழுங்கிய அந்தக் கண்டிப் பயணம் எப்படிப்பட்டது என்று பத்திரிகைக்காரனுக்குரிய கெட்ட பழக்கத்தோடு மணி மணியாக விசாரித்தேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார்.

காலை எட்டரைக்குப் பேருந்து புறப்பட்டது. வழியில் மாவனல்லைப் பக்கம் வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் நாற்பது நிமிடம். ஏலம், கறுவா, மிளகு, முடி வளர்க்கும் எண்ணெய். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு மிளகுக் கொடியைக் காட்டி "இதுதான் மிளகு" என்று ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார்கள். கண்டியை அடையும்போது பன்னிரண்டே முக்கால். அங்கே இரத்தினக்கல் காட்சிசாலையில் அரை மணி. விடுதி ஒன்றில் மதிய உணவு முக்கால் மணி. தலதா மாளிகையில் பாதுகாப்புச் சோதனை, செருப்பு வைக்கும் இடம், வரிசை எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம். இரண்டே முக்காலுக்கு வழிகாட்டி கையைத் தட்டிப் பேருந்தில் ஏற்றிவிட்டார். கப்பலின் வாயிலில் கால் வைத்தபோது மாலை ஆறரை. பத்து மணித்தியாலப் பயணத்தில் கண்டிக்குக் கிடைத்தவை இரண்டு மணித்தியாலங்கள். அவற்றிலும் பாதிக்கு மேல் சோற்றுக்கும் கல்லுக்கும் போயின. எஞ்சிய எட்டு மணித்தியாலமும் வீதிக்கே. இதற்குத் தலைக்கு நூற்றைம்பது டொலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்.

தலதா மாளிகையில் என்ன கண்டீர் என்றேன். மூடிய கதவைக் கண்டதாகச் சொன்னார். காணாமல் என்ன செய்வார்? புனித தந்தத்தின் பேழை வைக்கப்பட்டிருக்கும் மேல்மாடி அறை பூசை வேளைகளில்தான் வழிபடுவோருக்குத் திறக்கிறது. நாளுக்கு மூன்று பூசை: விடியற்காலை ஐந்தரை, காலை ஒன்பதரை, மாலை ஆறரை. காலையில் கொழும்பில் கப்பல் கட்டி, மாலையில் அவிழ்த்துப் புறப்படும் எந்தப் பயணியும் இம்மூன்றில் ஒன்றுக்கேனும் போய்ச் சேர முடியாது. ஒன்பதரைக்கு அவர் கேகாலைக்கும் இப்பால் நிற்பார்; ஆறரைக்கு மேளம் முழங்கும்போது துறைமுக வாயிலில் கடவுச்சீட்டைக் காட்டிக்கொண்டிருப்பார். இந்த நேரசூசி பயணம் விற்பவர்களுக்குத் தெரியாதா? மிக நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, பூட்டிய வீட்டின் திண்ணையைக் காட்டிவிட்டு வீட்டைக் காட்டியதாகப் பணம் வாங்குகிறார்கள். இதைச் சுற்றுலா என்று அழைக்க என் பேனா கூசுகிறது.

கடலோரத்தில் கப்பலைக் கட்டிவிட்டு உள்நாட்டு நகரத்தை விற்கும் இந்த வித்தை உலகம் முழுவதும் நடப்பதுதான். உரோம் என்று அட்டவணையில் இருக்கும். கப்பல் நிற்பது ஏறக்குறைய 80 கிலோமீற்றர் அப்பால் சிவித்தாவெக்கியாவில். பெர்லின் என்று இருக்கும். இறங்குவது பால்டிக் கரையின் வார்ணமுண்டேயில், 200 கிலோமீற்றருக்கும் கூடுதலான தொலைவில். பாங்கொக் என்பார்கள், லெம் சபாங்கில் இறக்குவார்கள். ஐரோப்பாவில் வசிக்கும் நம்மவர்கள் இவற்றிற்குப் பழகிப்போனவர்கள். ஆயினும் உரோமுக்கு ஒரு மணித்தியாலத்தில் புகையிரதம் உண்டு. போய் நாலைந்து மணி நேரம் காலாற நடக்கலாம். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீற்றர்தான். ஆனால் அந்த 115 கிலோமீற்றரைக் கிலோமீற்றரால் அளப்பவன் இந்த நாட்டு வீதியில் பயணம் செய்யாதவன். களனிப் பாலம் தாண்டவே ஒரு பொழுது வேண்டும். மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமவிலிருந்து குருணாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது கண்டிக்குப் போகவில்லை. கடுகண்ணாவை ஏற்றம் எவருடைய கடிகாரத்தையும் மதிப்பதில்லை. 2025 நவம்பரில் அங்கே மலை சரிந்து உயிர்கள் போயின, கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் வந்த டித்வா புயல் மலையகத்து வீதிகளையும் புகையிரதப் பாதையையும் சின்னாபின்னமாக்கியது.

வீதி தடைப்பட்டால் கப்பல் காத்திருக்குமா? தன் சொந்தப் பேருந்துக்காகக் காத்திருக்கும். வாடகை வாகனம் பிடித்துத் தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அந்த அச்சத்தைக் காட்டித்தான் பேருந்துச் சீட்டையே விற்கிறார்கள். திரும்பும் வழியில் சாரதி படும் பாட்டையும், அவர் ஓட்டும் ஓட்டத்தில் வீதியோரத்துச் சனங்கள் படும் பாட்டையும் பயணி யன்னலுக்குள்ளிருந்து அறியமாட்டார். குளிரூட்டிய பேருந்தில் அநேகர் அப்போது நித்திரை.

இங்கே வரலாற்றின் ஒரு கேலியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்டி தலைநகரானதற்கே காரணம் அது கடலிலிருந்து எளிதில் எட்ட முடியாத இடத்தில் இருந்தமைதான். கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் பல தடவை கண்டிக்குள் நுழைந்தார்கள், எரித்தார்கள்; தங்க முடியவில்லை. ஒல்லாந்தர் 1765இல் நகரைப் பிடித்தார்கள், தங்க முடியவில்லை. ஆங்கிலேயர் 1803இல் போய், விட்டுவந்த படையை இழந்தார்கள். காடும் கணவாயும் காய்ச்சலும் மழையும் அந்த இராச்சியத்தின் மதில்கள். 1815இல் அது வீழ்ந்ததுகூடப் பீரங்கியால் என்பதிலும் பார்க்கப் பிரதானிகளின் சதியால் என்பதே பொருந்தும். பிடித்த பின் ஆங்கிலேயர் செய்த முதல் வேலைகளில் ஒன்று வீதி போட்டது. ஆளுநர் பான்ஸ் காலத்தில், 1820களில், இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தால் கிராமத்தவரின் முதுகில் போடப்பட்ட வீதி அது. கடுகண்ணாவையில் அந்த வீதியை அமைத்த கப்டன் டோசனுக்குத் தூண் நிற்கிறது. கல் சுமந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கனை 1816இல் இதே கொழும்பிலிருந்துதான் கப்பலேற்றினார்கள். வேலூரில் சிறைவாசம், 1832இல் மரணம். நாயக்க வம்சத்து அந்த மன்னன் வெட்டுவித்த வாவியின் கரையில்தான் என் நண்பர் மதிய உணவு உண்டிருக்கிறார். வழிகாட்டி இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். சொல்ல நேரம் எங்கே?

கப்பலில் வந்து கண்டி நாட்டுக்குள் போன இன்னொருவனும் இருக்கிறான். 1660இல் கொட்டியாரக் குடாவில், புயலில் சேதமுற்ற கப்பலைத் திருத்த நின்ற இடத்தில் பிடிபட்ட றொபர்ட் நொக்ஸ். அவனுடைய உள்நாட்டுச் சுற்றுலா பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1679இல்தான் தப்பி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். விருப்பமின்றித் தங்கியவன், ஆனாலும் 1681இல் வெளியான அவன் நூல் இன்றும் அந்த நாட்டு மக்களின் உழவையும் உணவையும் அறிய நமக்கு உதவுகிறது. எல்லோரும் பத்தொன்பது ஆண்டு தங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓர் இரவு தங்குங்கள் என்கிறேன்.

நான் பேராதனையில் படித்தவன். நான்கு ஆண்டுகள் என்று தொடங்கி, நாட்டு நிலைமையால் அது ஆறாக நீண்டது. மாலையில் கண்டிக்கு பஸ் ஏறுவதும், மழையில் நனைந்து திரும்புவதும், குறிஞ்சிக்குமரன் கோயிற் படியில் இருந்து பனி இறங்குவதைப் பார்ப்பதும் அன்றாடம். அப்படியிருந்தும் கண்டியை அறிந்தவன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தலதா மாளிகைக்கு முன்னால் ஒரு கல்லெறி தூரத்தில் பத்தினித் தேவாலயம் இருக்கிறது. பத்தினி வேறு யாருமல்லள், நம் கண்ணகிதான். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்ததாகச் சொல்லப்படும் இலங்கைக் கயவாகுவை நினைவில் வைத்திருக்கும் எந்தத் தமிழனும் அந்த வாசலில் ஒரு கணம் நிற்காமல் போகமாட்டான். நண்பர் அதைக் கடந்துதான் பேருந்துக்கு ஓடியிருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு வரக்கூடிய மறுமொழி தெரியும். "வயது போனவர்கள், இனி ஒரு முறை வரப்போவதில்லை, இரண்டு மணி நேரமாவது பார்க்கட்டுமே, ஒன்றும் காணாததிலும் அது மேல் அல்லவா?" இது நியாயமான கேள்விதான். முழங்கால் வலியோடு பக்திமேலீட்டால் போகும் ஒரு பௌத்த மூதாட்டிக்கு அந்த மூடிய கதவே போதும். அவரோடு எனக்கு வழக்கில்லை. வழிகாட்டிகளும் சாரதிகளும் பிழைக்க வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். 2022இன் நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தவர்கள் அவர்கள். டொலர் கண்ட இடத்தில் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் கப்பற் பயணி உறங்குவது கப்பலில், இரவுச் சாப்பாடு கப்பலில். கண்டியின் விடுதிக்காரருக்கு அவரால் ஓர் இரவு வாடகையும் இல்லை. நகரத்துக்குக் கிடைப்பது பேருந்தின் புகையும், வாவிக்கரை வீதியின் நெரிசலும், தரகுக்குப் பேசிவைத்த இரண்டு கடைகளின் வியாபாரமும். ஒன்றும் காணாததிலும் மேல் என்பதையும் நான் ஒப்பேன். ஏனெனில் கண்டிக்குப் போனதனால் அவர் இழந்தது "ஒன்றும்" அல்ல, கொழும்பு.

கப்பற்காரர்களுக்குக் கொழும்பு ஒரு கதவு மட்டுமே. நம்மவர்களுக்கும் அப்படியா? துறைமுகத்தின் வாயிலில் இருந்து நடக்கும் தூரத்தில் செட்டியார் தெரு. தங்கக் கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் புறப்படும் தெரு அது. சற்று அப்பால் கொச்சிக்கடையில், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில். அதன் அயலில் அந்தோனியார் தேவாலயம். எல்லா மதத்தவரும் செவ்வாய் தோறும் மெழுகுதிரி ஏற்றும் அந்த இடம் 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பில் சிதைந்து மீண்டும் எழுந்தது. புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. கடலில் வருவோர் அதைக் கொண்டே கொழும்பை அடையாளம் கண்டார்கள் என்பார்கள். மேட்டில் ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம், 18ஆம் நூற்றாண்டுக் கல்லறை எழுத்துகளோடு. கிராண்ட்பாஸ் பக்கம் போனால் 1930இல் தொடங்கிய வீரகேசரியின் தெரு. அவ்வளவும் ஓர் அரை நாளில், அவசரமின்றி, நடுவே ஒரு வடையும் தேநீருமாகப் பார்த்து முடிக்கலாம். கடல் காற்று வேறு.

இன்னும் ஒன்று. 1958இலும் 1983இலும் கொழும்புத் தமிழர்களை அகதிகளாக வடக்குக்கு ஏற்றிச் சென்ற கப்பல்கள் புறப்பட்டதும் இதே துறைமுகத்திலிருந்துதான். சரக்குக் கப்பலின் தட்டில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு படுத்தபடி காங்கேசன்துறைக்குப் போனவர்கள் இன்று உங்களிடையே ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அல்லது அவருடைய பிள்ளை, பன்னிரண்டு மாடி உல்லாசக் கப்பலில் வந்து அதே துறையில் இறங்கி, திரும்பிப் பாராமல் குளிரூட்டிய பேருந்தில் ஏறி மிளகுக்கொடி பார்க்கப் போவதை எண்ணும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நண்பரின் தாயார் 1983 ஆகஸ்டில் அப்படி வந்தவர். மூன்று நாள் உடுத்த சேலையோடு காங்கேசன்துறையில் இறங்கிய அவரைக் கூட்டிவர நண்பரும் நானும் துவிச்சக்கர வண்டியில் போனோம்.

இதைத் தொலைபேசியில் அவருக்கு நினைவூட்டினேன். சற்று நேரம் மறுமுனையில் கப்பலின் இரைச்சல் மட்டும் கேட்டது. "இந்தத் துறைமுகம்தானா மச்சான் அது?" என்றார். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. கப்பல் கரையை விட்டு விலகியிருக்க வேண்டும்.

கண்டிக்குப் போக விரும்புகிறவர்கள் விமானத்தில் வாருங்கள், அல்லது கொழும்பில் ஓர் இரவு தரித்து நிற்கும் கப்பலாகப் பார்த்து ஏறுங்கள். முதல் நாள் பிற்பகல் கண்டிக்குப் போய், ஆறரைப் பூசையைக் கண்டு, வாவியைச் சுற்றி நடந்து, அங்கேயே தூங்கி, விடியப் பத்தினியின் வாசலிலும் நின்று வாருங்கள். ஒரே பகல்தான் உண்டு என்றால் துறைமுக வாயிலைத் தாண்டியதும் முச்சக்கர வண்டிக்காரர்கள் மொய்ப்பார்கள். ஒருவருக்கும் மறுமொழி சொல்லாமல் நேரே வாருங்கள். முதல் நாளே சொல்லிவிட்டால் நான் அங்கே நிற்பேன். செட்டியார் தெருவரை நடந்தே போகலாம்.