கூரையில் லைட் பூட்டுவோரே, வயருக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்



பெரும்போக அறுவடை நெருங்கினால் நமது அம்பாறை மாவட்டத்தில் டபுள் கெப்களின் கூரையில் புதிது புதிதாக லைட் ஏறத் தொடங்கிவிடும். இதை ஆடம்பரம் என்று சொல்ல நாம் வரவில்லை. வட்டைக்குள் இரவிலும் வெட்டு மெஷின் ஓடுகிறது. மழைக்கு முன் நெல்மூடை ஏற்ற வேண்டியிருக்கிறது. காட்டோர வயலில் யானை நிற்கிறதா என்று பார்க்காமல் வாடியை விட்டு இறங்கவும் முடியாது. வெளிச்சம் தேவைதான்.

ஆனால் காசும் பேச்சும் முழுக்க லைட்டோடு முடிந்துவிடுகிறது. எத்தனை வோட்ஸ், எந்தப் பிராண்ட், எவ்வளவு தூரம் அடிக்கும் என்று ஒரு கிழமை விசாரிக்கிறோம். அந்த லைட்டைப் பெட்டரியோடு சேர்க்கும் வயர் மட்டும் கடைசியில், மிஞ்சிய காசில், அரை மணித்தியாலத்தில் இழுபட்டுவிடுகிறது. வாகனம் பற்றி எரிவது அந்த அரை மணித்தியால வேலையில் தொடங்கலாம்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண தர விஞ்ஞானத்தில் நம் பிள்ளைகள் படிக்கிற கணக்குத்தான். 36 வோட்ஸ் லைட் நான்கு என்றால் 144 வோட்ஸ். 12 வோல்ட் பெட்டரியில் அது 12 ஆம்பியர். வீட்டில் இதே 144 வோட்ஸ் 230 வோல்ட்டில் ஓடும்போது ஒரு ஆம்பியர்கூட வராது. ஆகவே "வீட்டுக்கே இந்த வயர்தான் போட்டோம், கெப்புக்குப் போதாதா?" என்ற கேள்வியே பிழை. வோல்ட் குறைந்தால் கரண்ட் கூடும். வயரைச் சுடவைப்பது கரண்ட்.

வீட்டு லைட்டுக்கு இழுக்கும் 1/1.13 வயர் ஒரு சதுர மில்லிமீற்றர். பெட்டரியிலிருந்து கூரைக்கு நான்கு மீற்றர், திரும்பிவர நான்கு மீற்றர் என்று வைத்தால், 12 ஆம்பியரில் ஏறக்குறைய 1.6 வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். கிட்டத்தட்ட 20 வோட்ஸ் சூடாகப் போகிறது. அதே தூரத்துக்கு நான்கு சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். இன்னொன்றும் உண்டு. 1/1.13 என்பது ஒற்றைக் கம்பி. சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. வட்டைப் பாதையில் குலுங்கும் வாகனத்தில் அது வளைந்து வளைந்து ஒருநாள் உள்ளுக்குள்ளேயே முறியும். வாகனத்துக்கென்று மெல்லிய இழைகள் பல சேர்ந்த வயர் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பியூஸ். "லைட் எரியுது தானே சேர், பியூஸ் எதுக்கு?" என்று கேட்கும் தம்பிமார் இருக்கிறார்கள். பியூஸ் லைட்டைக் காப்பாற்றப் போடுவது என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. பியூஸ் காப்பாற்றுவது வயரை. எஞ்சினுக்கும் உட்பக்கத்துக்கும் இடையிலுள்ள தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயர் போகிறது என்று வையுங்கள். ஆறு மாதம் உரசினால் தோல் தேய்ந்து செம்பு வெளியே வரும். அது பொடியில் தொட்டதும் பெட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயருக்குள் தள்ளும். பியூஸ் இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அறுந்துவிடும். இல்லாவிட்டால் வயர் சிவந்து, டேஷ்போர்டுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக்கும் பஞ்சும் பற்றும்.

அந்தப் பியூஸ் பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சுவிட்சுக்குப் பக்கத்தில் டேஷ்போர்டில் போட்டால், பெட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குக் காவலே கிடையாது. மேலே சொன்ன கணக்குக்கு, நான்கு சதுர மில்லிமீற்றர் வயரோடு 15 அல்லது 20 ஆம்பியர் பியூஸ் சரி. பியூஸ் போகிறது என்பதற்காக 40 போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் பியூஸ் இல்லாமல் விடுவதற்குச் சமம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடத்தில் நாம் பழைய வாகனங்களையே ஓட்டிப் பழகிவிட்டோம். இருபது, இருபத்தைந்து வருடப் பழைய வயரின் தோல் விரலால் மடித்தாலே வெடிக்கிறது. அதில் ஓரிடத்தில் சுரண்டி, புது வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கரண்ட் எடுப்பது பெரிய துணிச்சல். கூரை லைட்டுக்குப் பெட்டரியிலிருந்து தனி லைன், தனி ரிலே.

ரிலே பெரிய வித்தை அல்ல. 30ஆம் முனைக்குப் பெட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர். 87இலிருந்து லைட்டுக்கு. 85ஐ எர்த்துக்குக் கொடுங்கள், 86க்குச் சுவிட்சிலிருந்து சின்ன வயர். சுவிட்சில் ஓடுவது அரை ஆம்பியர்கூட இல்லை. அதனால் சுவிட்ச் உருகாது.

நாம் அதிகம் வாதாட விரும்புவது அந்த 86ஆம் முனையைப் பற்றித்தான். சிலர் அதை ஹைபீம் வயரோடு சேர்த்துவிடுகிறார்கள். ஹைபீம் போட்டால் கூரையும் சேர்ந்து எரியும், வசதி என்கிறார்கள். வேலை செய்வதற்கென்று வாங்கிய லைட் அந்த ஒரு வயரால் வீதி லைட்டாக மாறிவிடுகிறது. கல்முனை - அக்கரைப்பற்று வீதியில் இஷா முடிந்து சைக்கிளில் வருகிற ஒரு பெரியவரின் கண்ணில், ஆறு அடிக்கு மேலிருந்து நான்கு லைட் ஒரே நேரத்தில் அடித்தால் அவருக்குச் சில விநாடிக்கு வீதியே தெரியாது. கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியோடு வருகிறவருக்கு இன்னும் மோசம். ஓட்டுகிறவருக்கும் இலாபமில்லை. கூரை வெளிச்சம் பொனட்டில் பட்டுத் திரும்பும், மழையிலும் பனியிலும் முன்னால் வெள்ளைத் திரை கட்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறோம். முள்ளையும் கல்லையும் மட்டும் நினைத்துக்கொண்டு அதைச் சொல்லக் கூடாது.

ஆகவே தனிச் சுவிட்ச். அது எரியும்போது தானும் சிவப்பாக எரிகிற சுவிட்சாக இருக்கட்டும், வட்டையிலிருந்து தார் வீதிக்கு ஏறும்போது மறக்காது. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிசார் இறங்கியபோது எத்தனை கோபம் வந்தது! பொலிஸ் சொல்லித்தான் இதைச் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

சில சின்ன விடயங்கள். முன்தூணில் எயார் பேக் உள்ள வாகனமென்றால் அதற்குள்ளால் வயர் இழுக்காதீர்கள், வெளியே கண்ணாடி ஓரத்து ரப்பரோடு கொண்டுபோங்கள். கூரையைத் துளைக்க வேண்டாம், கெரியரில் பூட்டுங்கள். பெயின்ட் பூசிய கெரியரை எர்த் என்று நம்பவும் வேண்டாம். ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் லேண்ட் குரூசர்கள் சில 24 வோல்ட். லைட் வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

வயரிங் பாஸ்மாரைக் குறை சொல்வது இலேசு. நல்ல வயர், ரப்பர் வளையம், ரிலே எல்லாம் போட்டு அரை நாள் வேலை செய்து கூலி சொன்னால், "பக்கத்துக் கராஜில் பாதி விலை" என்று எழும்பிப் போகிறவர்கள் நம்மவர்கள்தான். பாதி விலைக்கு எதை விட்டுவிடுவார் என்று யாரும் கேட்பதில்லை.

ஏற்கனவே லைட் பூட்டியவர்கள் இந்த வெள்ளிக்கிழமை பொனட்டைத் திறந்து, லைட்டுக்குப் போகும் வயரைப் பெட்டரி பிளஸிலிருந்து கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கையில் தட்டுப்படாவிட்டால், அதைப் போடும்வரை அந்த வயரைக் கழற்றி வையுங்கள்.