அள்ள அள்ளக் குறையாத பாட்டில்!

இருமல் மருந்தோ, நல்லெண்ணெயோ, விஸ்கியோ... பாட்டில் என்று ஒன்று இருந்தால் அது ஒருநாள் தீர்ந்துதான் ஆகணும். தீரவே தீராத பாட்டில் ஒன்று அமெரிக்க வீடுகளில் இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? 'இன்ஃபினிட்டி பாட்டில்' என்று பெயர். அதாவது முடிவே இல்லாத பாட்டில்! அங்கே இருக்கிற உங்கள் மகன் வீட்டிலோ, மருமகன் வீட்டிலோ, அடுத்த தடவை போகும்போது ஹால் அலமாரியைக் கொஞ்சம் கவனியுங்கள். லேபிள் இல்லாத ஒரு பாட்டில் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கலாம்.

சமாசாரம் இதுதான். விஸ்கிப் பிரியர்கள் வீட்டில் பத்துப் பதினைந்து பாட்டில்கள் திறந்து இருக்கும். ஒவ்வொன்றிலும் அடியில் ரெண்டு அங்குலம் மிச்சம். சரக்கு குறையக் குறைய பாட்டிலுக்குள் காற்று கூடும். அந்தக் காற்று பட்டுப் பட்டு நாளடைவில் வாசனை மங்கிவிடும். வீணாவானேன் என்று எல்லா மிச்சத்தையும் ஒரே பாட்டிலில் சேர்த்து வைக்கிறார்கள். இன்றைக்கு அதிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்தால், அடுத்த வாரம் வேறொரு பாட்டிலின் மிச்சம் அதில் போய்ச் சேரும். எடுப்பதும் ஊற்றுவதுமாக வருஷக்கணக்கில் ஓடும். அந்த வீட்டுக்கே உரிய ருசி, எந்தக் கடையிலும் கிடைக்காது என்று பெருமை வேறு!

பெரும்பாலும் இதில் சேர்வது 'பர்பன்' என்கிற மக்காச்சோள விஸ்கி. 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்கணும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறணும், பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் இதற்குச் சட்டமே உண்டு. 1964ல் அமெரிக்க காங்கிரஸ், 'இது எங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு' என்று தீர்மானம் போட்டது.

நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து இன்றைய பாலுக்கு நாம் உறை ஊற்றுகிறோமே, அந்த மாதிரி பழையதைக் கொண்டு புதியதை வளர்க்கிற ஆசை எல்லா ஊரிலும் உண்டு. கென்டக்கியில் 1830களிலேயே ஜேம்ஸ் க்ரோ என்பவர், சாராயம் வடித்தபின் மிஞ்சும் பழைய ஊறலில் கொஞ்சத்தைப் புது ஊறலில் சேர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். ஆகவே ருசிக்காகக் கலக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கைப்பக்குவம் எல்லோருக்கும் வேணும்தானே! என் ஆட்சேபணை வேறு.

டாக்டர் கேட்கிறார்: "எவ்வளவு குடிப்பீங்க?" மனுஷன் என்ன பதில் சொல்வார்? மில்லி கணக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்? "ஒரு பாட்டில் மூணு வாரம் வரும் டாக்டர்" என்பார். அந்த ஒரு வரியில் டாக்டருக்கு வேண்டிய கணக்கு முழுக்க இருக்கிறது. 40 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலில், அமெரிக்கக் கணக்கில் 17 'டிரிங்க்' உண்டு. ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால். மூணு வாரப் பாட்டில் ரெண்டு வாரத்தில் தீர்ந்தால், என்னமோ மாறியிருக்கிறது என்று குடிப்பவருக்கே உறைக்கும். மனைவிக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். பாட்டிலில் மட்டம் பார்த்துப் பேனாவால் சத்தமில்லாமல் கோடு போட்டு வைக்கிற பெண்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

முடிவில்லாத பாட்டிலில் எங்கே கோடு போடுவது? இன்றைக்குக் கீழே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறியிருக்கும். காலி பாட்டில் குப்பைக்குப் போனால்தானே கணக்கு! மிச்சம் ஊற்றிவிட்டுத் தூக்கிப் போடுகிற பாட்டில்களை யாரும் 'குடித்தது' என்று எண்ணுவதில்லை. 'சேர்த்து வைத்தது' என்றுதான் எண்ணுகிறார்கள். இதுதான் என் கவலை. வீட்டில் இருந்த ஒரே அளவுகோலை, விளையாட்டு விளையாட்டாக ஒடித்துப் போட்டுவிடுகிறது இந்தப் பாட்டில்.

போனது அது மட்டுமில்லை, லேபிளும் போச்சு. ஜிம் பீம் வெள்ளை லேபிளில் ஆல்கஹால் 40 சதவீதம். மேக்கர்ஸ் மார்க்கில் 45. வைல்டு டர்க்கி 101ல் 50.5. (101 என்பது 'ப்ரூஃப்' எண், அதில் பாதிதான் சதவீதம்.) தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே அடைக்கிற ரகத்தில் 60ஐயும் தாண்டும். எல்லாம் கலந்த பாட்டிலில் எவ்வளவு? ஊற்றினவருக்கே தெரியாது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 40 சதவீத சரக்கு 300 மில்லி, 50.5 சதவீதம் 200 மில்லி, 62 சதவீதம் 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்தால் 49 சதவீதத்துக்கு மேலே வருகிறது. நம்மவர்கள் கை அளவு தெரியுமே, லார்ஜ் என்றால் 60 மில்லி. "ரெண்டே ரெண்டு கிளாஸ்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர் உள்ளே தள்ளியிருப்பது மூன்றேகால் டிரிங்குக்கும் மேல். அவர் பொய் சொல்லவில்லை பாவம். அவர் பாட்டில்தான் பொய் சொல்கிறது.

லேபிளோடு இன்னொன்றும் காணாமல் போகிறது. கர்ப்பிணிகள் குடிக்கக்கூடாது, குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது என்கிற அரசாங்க எச்சரிக்கை 1989லிருந்து அமெரிக்க பாட்டில்களில் கட்டாயம் இருக்கிறது. புற்றுநோய் எச்சரிக்கையையும் அதில் சேர்க்கணும் என்று, அப்போது அந்நாட்டின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2025 ஜனவரியில் கேட்டுக்கொண்டார். அது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988லேயே வகைப்படுத்திவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம்... 'இவ்வளவு வரைக்கும் பயமில்லை' என்று சொல்ல ஓர் அளவு கிடையாது என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் சொன்னது. இத்தனையும் படிக்க ஒரு லேபிள் வேணுமே!

"பல சரக்கைக் கலந்தால் தலைவலி ஜாஸ்தியாமே?" என்று கேட்பீர்கள். கலப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பீரும் ஒயினும் மாற்றி மாற்றிக் குடிக்க வைத்து ஜெர்மனியில் செய்த ஆராய்ச்சி 2019ல் வெளியானது. எந்த வரிசையில் குடித்தாலும் மறுநாள் அவஸ்தை ஒன்றுதான்! ஆனால் பர்பனுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்கு நிறமும் மணமும் தருகிற உபபொருட்கள் வோட்காவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மறுநாள் தலைபாரமும் கூடுதல் என்று 2010ல் வந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், மறுநாள் வேலையில் தடுமாறியதில் ரெண்டு கோஷ்டியும் சமம்தான்.

கெட்டுப்போகுமோ என்ற பயமும் வேண்டாம். 40 சதவீத ஆல்கஹாலில் கிருமி வளராது. பால், க்ரீம் கலந்த சரக்கை மட்டும் அதில் ஊற்றக்கூடாது.

நிஜமான விஷம் வேறு ரூபத்தில் வரும். இந்தக் கலவையை அழகுக்காகக் கிரிஸ்டல் ஜாடியில் ஊற்றி வைக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் வானவில் மாதிரி மின்னுகிறதே, அந்த ஜாடிதான். பழைய ரகக் கிரிஸ்டலில் ஈய ஆக்சைடு கால்வாசி வரைக்கும், சிலதில் அதற்கு மேலும் உண்டு. 1991ல் 'லான்செட்' மருத்துவ இதழில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராசியானோ, ப்ளம் என்ற இருவர் இதை அளந்து எழுதினார்கள். லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் ஈயம் இருந்த போர்ட் ஒயின், நாலு மாதம் கிரிஸ்டலில் இருந்ததும், ஒரு ஜாடியில் 5,000ஐத் தாண்டியது. ஐந்து வருஷத்துக்கு மேல் கிடந்த பிராந்தியில் 20,000 அளவுக்குப் போயிருந்தது! குடிநீரில் 10க்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஈயம் ரத்தசோகை தரும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். சாதாரண விருந்துக்கு ஜாடியில் ஊற்றினால் அன்றைக்கே தீர்ந்துவிடும். முடிவில்லாத பாட்டில் தீராதே! அடியில் கிடக்கிற பழைய சரக்கு வருஷக்கணக்கில் ஈயத்தோடு குடித்தனம் நடத்தும்.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடச் சொல்வதா? சொன்னால் கேட்க மாட்டார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: அந்தப் பாட்டிலுக்கு ஓர் அடி வையுங்கள். 750 மில்லி நிரம்புகிற வரைக்கும் ஆசை தீரக் கலக்கட்டும். நிரம்பியதும் மூடி போட்டு, தேதி எழுதி ஒட்டட்டும். அதன்பின் ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. அது முழுக்கத் தீர்ந்தபிறகுதான் அடுத்தது. ருசியும் அவர்களுடையதாகவே இருக்கும், எத்தனை நாள் வந்தது என்பதும் தெரியும். கலக்கும்போதே சரக்கின் பெயர், மில்லி, சதவீதம் மூன்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டால், மேலே நான் போட்ட கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளலாம். கண் அளவு வேண்டாம், அளவுக் கிளாஸ் வேணும்.

சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். தினம் குடிக்கிறவர்கள் தலைவலிக்குப் பாரசிட்டமால் போடுவதும் கல்லீரலுக்கு ஆபத்து. அமெரிக்காவில் அதையே அசிட்டமினோஃபென் என்பார்கள். பேரக் குழந்தைகள் இருக்கிற வீடானால் அலமாரிக்குப் பூட்டு அவசியம். டீ நிறத்தில், லேபிள் இல்லாமல் இருப்பதை ஜூஸ் என்று நினைத்துக் குடித்துவிட்டால், சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

கிரிஸ்டல் ஜாடி விருந்து மேஜைக்கு மட்டும் வரட்டும். விருந்து முடிந்ததும் மிச்சத்தைச் சாதாரணக் கண்ணாடி பாட்டிலுக்கே திருப்பிவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ரெண்டு மூணு வருஷமாக அந்த ஜாடியிலேயே கிடக்கிற சரக்கை மட்டும் யோசிக்காமல் ஸிங்க்கில் கொட்டிவிடச் சொல்லுங்கள். "எவ்வளவு விலை தெரியுமா!" என்று அலறுவார்கள். அலறட்டும், கொட்டட்டும்.