உதிரக் கணக்கும் செவிலியரின் கேள்வியும்

தொழுகைக்காக உதிரத்தின் நாளையும் நிறத்தையும் கணக்கிடும் சமுதாயம் நாம். ஹைளு எது, இஸ்திஹாளா எது, நிஃபாஸ் எது என்று மத்ரஸாவிலேயே பிரித்துப் படிக்கிறோம். ஆயினும், கருவுற்ற ஆறாம், ஏழாம் வாரத்தில் உதிரம் பட்டால், அதே கணக்கைச் செவிலியரிடம் சொல்ல நம் பெண்களுக்கு நா எழுவதில்லை. அருகில் நிற்கும் மாமியார், "லேசாகத்தான் பட்டது" என்று முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்.

கருவுற்றவளுக்கு வரும் உதிரம் ஹைளா இல்லையா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொழலாமா என்று ஆலிமாவிடம் கேட்பது சரியே. ஆனால் அதற்கு முன்பே மருத்துவமனைக்குப் புறப்பட்டாக வேண்டும் என்பதே நம் கருத்து.

செவிலியர் கேட்பவை வீண் விசாரணை அல்ல. கடைசி மாதவிடாய் என்று தொடங்கியது? எத்தனை பேட் நனைந்தது? கட்டி வந்ததா? வலி ஒரு பக்கத்திலா? தோள்பட்டையில் வலிக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தவர்களை நாம் அறிவோம். கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிட்டால், அது வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசியும். அந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோள்பட்டையில் தெரியும். வெளியே படுவதோ சில துளிகளாகவே இருக்கலாம். "லேசாகத்தான்" என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பது அங்கேதான் விளங்கும். இளம்பெண்களுக்கு உள்ளே இரத்தம் இழந்துகொண்டிருக்கும்போதும் இரத்த அழுத்தம் சிறிது நேரம் சரியாகவே காட்டக்கூடும். முதலில் நாடித் துடிப்புதான் விரைவாகும். ஆகவேதான் செவிலியர் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டே பேசுகிறார். மயக்கம் வந்ததா என்று கேட்டால், கழிவறையில் தலைசுற்றி விழுந்ததை மறைக்கலாகாது.

இரத்த வகையைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. தாய் ஆர்எச் நெகடிவ் என்றால், கரு கலைந்தாலும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். தேவையெனில் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கலைந்ததை ஊருக்குத் தெரியாமல் வீட்டிலேயே மூடிவிடும்போது, அடுத்து வரவிருக்கும் குழந்தைக்கும் சேர்த்தே தீங்கு செய்துவிடுகிறோம்.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தொடர் உதிரப்போக்கைப் பற்றி ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். மார்க்கத்தை அறிய வெட்கம் தடையாகவில்லை என்று அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) பாராட்டினார்கள். நபியிடம் கேட்கத் தடையாகாத வெட்கம் செவிலியர் முன் எங்கிருந்து வந்தது? மாமியார் சற்று வெளியே நிற்கட்டும். மருமகளே பதில் சொல்லட்டும்.

பிள்ளை பிறந்த பின்பும் இதே மௌனம் தொடர்கிறது. தஹ்னீக் என்ற பெயரில் சில வீடுகளில் தேன் தொட்டு வைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் மென்று வைத்தது பேரீச்சம்பழம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. அதிலிருக்கக்கூடிய நுண்கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தளர்த்திவிடும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் உடல் மஞ்சளித்தால் இளவெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை முறை சிறுநீர் போனது, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறதா என்று செவிலியர் கேட்டால், தாய்க்கும் பாட்டிக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

நம் மஹல்லாக்களில் பெண்கள் பயானுக்குக் குறைவில்லை. அடுத்த பயானில் உதிரச் சட்டங்களை ஆலிமா விளக்கி முடித்ததும், கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரை அழைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லுமாறு ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.