இறுக்கமான மவுண்டிங்: ஆரின்ர காசு, ஆரின்ர உடம்பு?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு கியர்பொக்ஸ் மவுண்டிங்கில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களில் கனபேர் கம்பஸுக்கு வந்து போவது வாடகை வானில். எங்கட வீடுகளில் ஹயர் ஓடுகிற அப்பாமாரும் அண்ணாமாரும் இருக்கினம். வாகனம் கராஜுக்குப் போனால் அந்தக் கிழமை வீட்டுச் செலவு எப்படிச் சுருங்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனபடியால் இதைப் பற்றி எழுத எங்களுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கு என்றே நினைக்கிறோம்.

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் நாட்டில் இருந்த வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் புது வாகனம் என்பது எங்கட சனத்தில் பெரும்பாலானவைக்குக் கனவுதான். பழசைக் காப்பாற்றுவது இன்றைக்கு ஒரு வாழ்க்கை முறையாகிவிட்டது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் திருத்த வேலைகளுக்குள் ஒன்று மட்டும் ஆரும் கேள்வி கேட்காமலே பரவுகுது. தேய்ந்துபோன கியர்பொக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிட இறுக்கமான வெளிச்சாமான் ஒன்றைப் பூட்டுவது. ‘இது இனி அசையாது’ என்று சொல்லிக் கொடுப்பினம். அசையாதுதான். ஆனால் அடுத்த நாள் காலையில் ஸ்ரார்ட் பண்ணினால் டாஷ்போர்ட் கிலுகிலுக்கும், கண்ணாடியில் பின்னால் வருகிற வாகனம் இரண்டாகத் தெரியும்.

முதலில் சாமானை விளங்கிக்கொள்வோம். பின்சில்லு இழுக்கிற வான்களில் என்ஜினை முன்னால் இரண்டு மவுண்டிங் தாங்கும். கியர்பொக்ஸின் வால்பக்கம் குறுக்குச் சட்டத்தில் ஒரு றப்பருக்கு மேல் இருக்கும். முன்சில்லு இழுக்கிற சின்னக் கார்களில் என்ஜினும் கியர்பொக்ஸும் குறுக்காகப் படுத்திருக்கும். ஒரு அந்தத்தில் என்ஜின் மவுண்டிங், மற்ற அந்தத்தில் கியர்பொக்ஸ் மவுண்டிங், முன்பின்னாக உருளாமல் பிடிக்க இன்னும் ஒன்றோ இரண்டோ. இந்த றப்பருக்கு இரண்டு வேலை. பாரத்தைத் தாங்க வேணும், அதிர்வை பொடிக்கு விடாமல் தடுக்கவும் வேணும். தாங்குவதற்கு இறுக்கம் வேணும், தடுப்பதற்கு இளக்கம் வேணும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். வாகனம் செய்த கொம்பனி இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைத் தெரிவு செய்துதான் றப்பரை வார்க்குது.

இந்த இளக்கத்தை ஒரு காலத்தில் பெரிய கண்டுபிடிப்பாக விற்றவை. 1931 இல் அமெரிக்காவில் கிறைஸ்லர் கொம்பனி தன்ர பிளிமத் காரில் என்ஜினை றப்பரில் ஏற்றி, அதை ‘மிதக்கும் சக்தி’ என்று விளம்பரம் செய்தது. நாலு சிலிண்டர் என்ஜின், எட்டு சிலிண்டர் மாதிரி மென்மையாக ஓடும் என்பதுதான் பேச்சு. அடுத்த வருஷம் பிரான்சின் சித்ரோயன் அந்த உரிமையை வாங்கி, தன்ர அடையாளத்துக்கு முன்னால் ஒரு அன்னத்தை நீந்த விட்டது. அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கின மென்மையை, இன்றைக்கு நாங்கள் காசு கொடுத்துக் கழற்றுகிறோம்.

இறுக்கமான மவுண்டிங் வாங்குகிறவையை மடையர் என்று சொல்ல வரவில்லை. அவைக்குக் காரணம் இருக்கு. ஒரிஜினல் சாமான் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை. பஞ்சிகாவத்தைப் பக்கம் போய் பழைய வாகனத்தில் கழற்றினதை வாங்கினால் அது எத்தனை மாதம் நிற்கும் என்று தெரியாது. பொலியூரித்தேன் மவுண்டிங் ஒயில் பட்டாலும் இயற்கை றப்பர் மாதிரிச் சுலபமாக ஊதிப் பழுதாகாது, கனகாலம் உழைக்கும். கியர் மாற்றும்போது தடி கையில் சுத்தமாக விழும், கிளச் விடும்போது என்ஜின் துள்ளாது. ரேஸ் ஓடுகிறவைக்கு இவ்வளவும் வேணும். எங்கட கேள்வி, ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஹயர் ஓடுகிற வானுக்கு இது வேணுமா என்பதுதான்.

இதற்குள் ஒரு சின்னக் கணக்கு இருக்கு. கணக்கு என்றதும் ஓடிப்போகாதேங்கோ, ஓஎல் கணக்கு காணும். நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் வெடிக்கும். ஐட்லிங் நிமிஷத்துக்கு 750 சுற்று என்றால், செக்கனுக்கு 25 தரம், அதாவது 25 ஹேர்ட்ஸ். மூன்று சிலிண்டர் சின்னக் கார் அதே சுற்றில் 19 ஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். இப்ப மவுண்டிங்கில் இருக்கிற என்ஜினுக்கும் ஊஞ்சல் மாதிரி ஒரு சொந்த ஆட்டம் இருக்கு. அது 10 ஹேர்ட்ஸ் என்று வைப்போம். அதிர்வு அந்தச் சொந்த ஆட்டத்தைவிட 1.41 மடங்குக்கு மேல் போனால்தான் றப்பர் அதைத் தடுக்கத் தொடங்கும். 10 ஹேர்ட்ஸ் மவுண்டிங்கில் அந்த எல்லை 14. நாலு சிலிண்டர் என்ஜினின் 25 அதைவிட நல்ல மேலே, ஆகவே அதிர்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் பொடிக்குப் போகும்.

இப்ப மவுண்டிங் எல்லாவற்றையும் மூன்று மடங்கு இறுக்கமாக்குங்கோ. சொந்த ஆட்டம் 17 ஹேர்ட்ஸுக்கு ஏறும், எல்லை 24.5 ஆகும். 25 இல் நிற்கிற என்ஜினின் அதிர்வில் கிட்டத்தட்ட முழுக்க உள்ளே வரும். நாலு மடங்கு இறுக்கினால் எல்லை 28 ஐத் தாண்டும். அப்ப மவுண்டிங் அதிர்வைத் தடுக்காது, பெருக்கும். முழு இரும்பு வைத்ததைவிட மோசம். மூன்று சிலிண்டர் காருக்கு இதைவிடக் கெதியாகவே சிக்கல் வரும், ஏனென்றால் அது தொடங்குவதே 19 இல். இது இலட்சியக் கணக்கு, ஒரு மவுண்டிங்கை மட்டும் மாற்றினால் விளைவு இவ்வளவு வராது. ஆனால் திசை இதுதான். ‘போட்டாப்பிறகு ஏன் ஐட்லிங்கில் மட்டும் ஆடுது, ஓடினால் நிற்குது’ என்று கேட்கிறவைக்கு விடை இதுக்குள்ள இருக்கு. ஓடும்போது சுற்று கூடும், அதிர்வு எல்லையைத் தாண்டிவிடும்.

அதோட இன்னொரு வேலையும் நடக்குது. ஒரிஜினல் மவுண்டிங்கில் இருக்கிற ஓட்டைகளுக்குள் கார் கண்ணாடி ஒட்டுகிற பசையை அடைத்துக் காயவிடுவது. அந்த ஓட்டை றப்பர் மிச்சம் பிடிக்க வைத்ததில்லை. சின்ன ஆட்டத்துக்கு இளகிக்கொடுக்கவும், பெரிய ஆட்டம் வந்தால் இரண்டு பக்கமும் முட்டி நிற்கவும் அளந்து விட்ட இடம். அதை அடைத்தால் முதல் வேலை போய்விடும். ஒயில் நிரப்பின மவுண்டிங் வந்த காருக்கு, வெளியால் அதே மாதிரித் தெரிகிற வெறும் றப்பர் கட்டையைப் பூட்டினாலும் கதை அதுதான்.

சரி, வேற வழியில்லை, இறுக்கமானதுதான் கிடைச்சிருக்கு என்றால் என்ன செய்வது? அதிர்வைக் குறைக்க வழிகள் இருக்கு. நல்ல பாஸ்மாருக்கு இது தெரியும். வாகனச் சொந்தக்காரரும் தெரிந்து வைத்திருந்தால் கேட்டுச் செய்விக்கலாம்.

வாங்குவதற்கு முதல் இறுக்கத்தின் இலக்கத்தைக் கேளுங்கோ. ‘ஷோர் ஏ’ என்ற அளவில் போட்டிருக்கும். பொலியூரித்தேன் சாமான்கள் 60 இலிருந்து 95 வரை வருகுது. றோட்டில் ஓடுகிற வாகனத்துக்கு 60 பக்கம் போதும். 85, 95 எல்லாம் பந்தயத்துக்கு. இலக்கம் சொல்ல ஏலாத கடையில் நிறம் பார்த்து வாங்காதேங்கோ.

மவுண்டிங் அதிர்வை உண்டாக்குவதில்லை, கடத்துகுது. ஆகவே முதலில் என்ஜினைச் சரிபண்ண வேணும். ஒரு பிளக் ஒழுங்காக வெடிக்காவிட்டாலும், துரொட்டில் பொடியில் கரி பிடித்து ஐட்லிங் இறங்கியிருந்தாலும், பழைய இளகின றப்பர் அதை மறைச்சிருக்கும். புதுசு மறைக்காது.

மற்ற மவுண்டிங்குகளையும் பார்க்க வேணும். மூன்று இருந்துபோய் ஒன்று மட்டும் இறுக்கமென்றால் முழு ஆட்டமும் அந்த ஒன்றால்தான் பொடிக்குப் போகும். அதிலும் பாரம் தாங்குகிற கியர்பொக்ஸ் மவுண்டிங்கை விட்டுவிட்டு, உருளலைப் பிடிக்கிற மவுண்டிங்கை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக மாற்றினாலே கனபேருக்கு வேண்டிய பலன் கிடைத்துவிடும்.

பூட்டுகிற விதம்தான் பெரிய விஷயம். கியர்பொக்ஸை ஜக்கில் தாங்கும்போது இடையில் மரக்கட்டை வைக்க வேணும். எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாகவே விட்டு, ஜக்கை இறக்கி, பாரம் தானாக மவுண்டிங்கில் இருக்க விட வேணும். என்ஜினைக் கையால் முன்பின் ஆட்டிப் பார்த்து, முறுகல் இல்லாமல் அது தன்ர இடத்தைப் பிடித்த பிறகுதான் இறுக்க வேணும், அதுவும் கொம்பனிப் புத்தகம் சொல்கிற அளவுக்கு. ஓட்டை நேர்படவில்லை என்று கம்பியால் நெம்பி இழுத்துப் பூட்டினால், றப்பர் ஏற்கனவே நசிந்த நிலையில் இருக்கும். நசிந்த றப்பருக்கு இளக இடமில்லை.

உயரத்தையும் அளக்க வேணும். வானில் புது மவுண்டிங் பழசைவிடச் சில மில்லிமீற்றர் உயரமென்றாலும் பின்னால் போகிற ஷாஃப்டின் கோணம் மாறும். அந்த அதிர்வு ஐட்லிங்கில் வராது, வேகத்தோட வரும். நிற்கிற வாகனத்தில் அதே சுற்றுக்கு அக்சிலேற்றரை அமத்திப் பாருங்கோ. அப்ப இல்லை, ஓடும்போது மட்டும் இருக்கு என்றால் குற்றவாளி ஷாஃப்டோ ரயரோதான். கடைசியாக சைலன்சர் குழாயையும் வெப்பத்தகட்டையும் பாருங்கோ. என்ஜின் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தாலே குழாய் பொடியில் முட்டும். மவுண்டிங்கைத் திட்டுகிற கனபேரின் சத்தம் அந்த முட்டலில் இருந்துதான் வருகுது.

இதெல்லாம் செய்தும் ஆடுகுது என்றால் ஐட்லிங்கை 50, 100 சுற்றுக் கூட்டலாம். மேலே சொன்ன கணக்கு ஏன் என்று சொல்லும். ஆனால் அது பெற்றோலில் கட்டுகிற வட்டி. ஒட்டோ கியர் கார் சிக்னலில் ‘டி’யில் நிற்கும்போது அதிகம் ஆடும், ‘என்’னுக்கு மாற்றினால் குறையும். பழகினால் அதுவும் ஒரு வழி.

இனி எங்கட உண்மையான முறைப்பாட்டுக்கு வருவோம். வாடகை வானில் எந்த மவுண்டிங் போடுவது என்று தீர்மானிக்கிறவர் சொந்தக்காரர். அதில் இருந்து ஓடுகிறவர் சாரதி. காசு மிச்சம் ஒருவருக்கு, அதிர்வு இன்னொருவருக்கு. முதுகை அதிகம் வருத்துவது 4 இலிருந்து 8 ஹேர்ட்ஸ் வரையான றோட்டுக் குலுக்கல்தான், மவுண்டிங் அதிர்வு அதற்கு மேலே என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் குழி றோட்டு தருகிற அலுப்புக்கு மேல், கைக்கும் காலுக்கும் காதுக்கும் நாள் முழுக்க ஒரு உறுமலை ஏற்றிவிடுவது நியாயமா? ஐரோப்பிய ஒன்றியம் 2002 இலேயே தொழிலாளியின் உடம்பில் ஏறுகிற அதிர்வுக்கு, 8 மணித்தியால வேலைநாளை வைத்து வரம்பு போட்டது. அங்கே அதிர்வு ஒரு தொழில் உரிமைப் பிரச்சினை. இங்கே அது ‘பழகிப்போகும்’.

இன்னொன்றும் உறுத்துகுது. இந்த நாட்டில் றப்பர் மரம் வந்தது 1876 இல், கம்பஹாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு. அதுக்குப் பிறகு சப்ரகமுவவிலும் களுத்துறையிலும் பால் வெட்டின கைகளில் கன கைகள் மலையகத் தமிழரின்ர கைகள். றப்பர் எங்கட மண்ணில் விளையுது. ஆனால் அந்த றப்பர் சாமானைப் பற்றி ஒரு சாரதி தமிழில் வாசித்து விளங்க ஒரு துண்டுக் கடதாசிகூடப் பெட்டிக்குள் இருக்காது.

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. விற்கிற பெட்டியில் இறுக்கத்தின் இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கோ. கராஜில் பூட்டுவதற்கு முதல், வாகனம் என்ன வேலைக்கு ஓடுகுது, ஆர் ஓடுகினம் என்று ஒருக்காக் கேளுங்கோ. சொந்தக்காரர்மார் பூட்டி முடிந்ததும் சாவியை வாங்கி, சாரதியின் சீற்றில் ஒரு அரை மணித்தியாலம் தாங்களே ஓடிப் பாருங்கோ. ஏஸியும் போட்டு, ரவுனுக்குள், சிக்னலில் நின்று நின்று. அதுக்குப் பிறகும் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.