செல்ல நாய் இறந்தால் லீவ் கேட்கலாமா? அனுமதி இல்லாத துக்கம் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

ஆபிஸ் லீவ் ஃபார்மில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். தாத்தா இறந்தால் அதை அப்படியே எழுதிவிடலாம். 12 வருஷம் கூடவே இருந்த நாய் இறந்தால்? 'காய்ச்சல்' என்று எழுதுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். 'ஒரு நாய்க்கா இவ்ளோ ஃபீல் பண்ற?' என்று ஒருவர் கேட்பார். கொஞ்சம் அக்கறையான ஆள் என்றால், 'விடுப்பா, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்' என்பார். இரண்டுமே வலிக்கும். இழப்பின் வலி ஒரு பக்கம். அதற்காக அழுவதற்கே கூச்சப்பட வேண்டியிருப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதை நாம் மாற்ற முடியும் என்பதே என் கருத்து.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால், இருவரின் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்பதை அதில் காட்டினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பில் பெரிய பங்கு வகிப்பதும் இதே ஹார்மோன்தான். 'பிள்ளை மாதிரி வளர்த்தேன்' என்று ஒருவர் சொன்னால், அது சும்மா சொல்வது இல்லை.

சொந்த ஊரை விட்டு வந்து சென்னையிலோ பெங்களூரிலோ தனியாகத் தங்கியிருப்பவரை யோசித்துப் பாருங்கள். இரவு கதவைத் திறந்ததும் ஓடிவரும் ஒரே உயிர் அதுதான். அப்ரைசலில் என்ன ரேட்டிங் என்று அது கேட்காது. அதனால்தான் காலை 6 மணிக்கு எழுந்தார், நடந்தார், தெருவில் நாலு பேரிடம் பேசினார். அது போன பிறகும் 6 மணிக்கு முழிப்பு வரும். வாக்கிங் கூட்டிப்போக யாரும் இருக்காது.

துக்கத்தை ஆய்வு செய்யும் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா, 1989-ல் வெளியான தன் நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சமூகம் 'இது துக்கமே இல்லை' என்று நினைக்கும் இழப்புகளை மனிதர்கள் தனியாகவே சுமக்கிறார்கள். நம் வீடுகளில் ஒருவர் இறந்தால் பந்தல் போடுவோம், சொந்தங்கள் கூடும், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும், பதினாறாம் நாள் காரியம் நடக்கும். நாய்க்கோ பூனைக்கோ இதில் எதுவும் கிடையாது.

'இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்' என்பவர்களுக்கு...

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ம் நூற்றாண்டு. மாட்டு மந்தையைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட வீரனுக்காக வைத்த கல். அதில் அவனோடு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. ஒரு நாயை மதித்து நினைவுகூர்வது நம் ஊருக்குப் புதுசு இல்லை.

'நானே கொன்னுட்டேனா?'

கருணைக்கொலைக்குச் சம்மதித்தவர்களை அதிகம் வாட்டும் கேள்வி இது. மருத்துவர் அதிக அளவு மயக்க மருந்து கொடுப்பார். பிராணி முதலில் நினைவை இழக்கும், பிறகுதான் மூச்சு நிற்கும். முடிவெடுக்கும் முன் சில விஷயங்களை அவரிடமே பேசுங்கள். தானாகச் சாப்பிடுகிறதா, எழுந்து நிற்கிறதா, வலியை மருந்தால் கட்டுப்படுத்த முடிகிறதா, நல்ல நாட்களைவிட மோசமான நாட்கள் அதிகமாகிவிட்டதா? இதையெல்லாம் யோசித்து எடுத்த முடிவு துரோகம் ஆகாது. அதன் வலியை நிறுத்துவதற்காக நீங்கள் வலியை ஏற்றுக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

சடங்கு இல்லையென்றால் நீங்களே ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். புதைத்த இடத்தில் ஒரு செடி, பெல்ட்டைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி, போட்டோ முன்னால் ஒரு விளக்கு. எதுவும் ஓவர் இல்லை.

குழந்தைகளிடம் 'ஊருக்குப் போயிருக்கு' என்று சொல்லாதீர்கள். அவர்கள் காத்திருப்பார்கள். 'தூங்கிடுச்சு' என்றால் தூங்கவே பயப்படலாம். 'இறந்துடுச்சு, இனிமே வராது, எனக்கும் கஷ்டமா இருக்கு' என்பதே நல்லது.

அடுத்த பப்பி எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெட்டுப்போனால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. லேப்ரடார் போன்ற நாய்களின் ஆயுள் சுமார் 10 முதல் 12 வருஷம். 2020 லாக்டவுனில் பப்பியாக வீட்டுக்கு வந்தவை இப்போது நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் சில வருஷங்களில் உங்கள் டீமிலேயே யாராவது கண் சிவந்து வந்து நிற்பார். பொய்க் காரணம் எழுதத் தேவையில்லாமல் ஒரு நாள் லீவ் கொடுங்கள். அதனால் கம்பெனி நஷ்டப்படாது.

பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லையா? 'அது பேரு என்ன? போட்டோ இருக்கா?' என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே பேசுவார்.