கார் ஏசிக்கு 'கேஸ்' அடிக்கும்போது கவனம் தேவை



சித்திரை வெயிலில் வீரசோழனிலிருந்து அருப்புக்கோட்டைக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும்போது கார் ஏசி ஆடம்பரம் அல்ல, அவசியம். கோடை வந்தாலே 'கேஸ் அடிக்க' பட்டறை வாசலில் காத்துக் கிடக்கும் என் போன்ற ஓட்டுநர்கள், அதிலுள்ள ஆபத்தை அறிவதில்லை.

சென்ற பங்குனியில் என் கண்ணெதிரே நடந்தது இது. கேஸை முழுதாக இறக்காமல், வெறுங்கையால் குழாயைக் கழற்றினார் ஓர் இளைஞர். உஸ்ஸென்று வெண்புகை. இரண்டு விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போயின. மாலைக்குள் கொப்புளம் கண்டுவிட்டது. கார் ஏசியில் குளிரூட்டும் ஆர்-134ஏ திரவம் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும்.

கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது அது. இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி சர்வதேச ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. மழையை நம்பிய வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குப் பூமி சூடாவது தூரத்துச் சங்கதி அல்ல. மலிவு என்று சமையல் கேஸை நிரப்புவது அதைவிடக் கொடுமை. ஒரு பொறி போதும்.

கசிவை நைட்ரஜனால் சோதித்து, வேக்குவம் போட்டு, எடை பார்த்து நிரப்புவதே முறை. கிராமத்து மெக்கானிக்குகளுக்கு அரசு ஐடிஐகளில் குறுகியகாலப் பயிற்சியும், கேஸ் மீட்கும் கருவி வாங்க மானியமும் அரசு தர வேண்டும்.

– வாடகைக் கார் ஓட்டுநர்,
வீரசோழன், விருதுநகர் மாவட்டம்