பழைய அட்டையைக் காட்டினால் மாத்திரை கிடைக்கக் கூடாது
பெங்களூரு ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் வட்டார மக்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதித் தரும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் போன்ற மாத்திரைகள் தலைவலி மாத்திரை போலப் போட்டவுடன் வேலை செய்பவை அல்ல. பலன் தெரியத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். குமட்டல், படபடப்பு, தூக்கக் கேடு போன்றவையோ முதல் வாரத்திலேயே வந்துவிடக்கூடும். தொல்லை முந்திக்கொள்கிறது, குணம் பிந்துகிறது. "இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் அதைத் தூக்கிப் போடுவது இந்த நாட்களில்தான். பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லைகள் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். தணியாவிட்டால் அளவையோ மருந்தையோ மாற்ற மருத்துவருக்கு வழி தெரியும்.

தொடக்க வாரங்களில் வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும், குறிப்பாக இளம் வயதினர் மீது. இம்மருந்துகளைத் தொடங்கும் சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. 2007இல் அந்த எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டியது. மருந்தே கூடாது என்பதல்ல அதன் பொருள். பேச்சிலும் நடத்தையிலும் திடீர் மாற்றம் தெரிந்தால் அடுத்த முறை பார்க்கும் தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வது வழக்கம். முன்பும் மனச்சோர்வு வந்தவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால் சில நாட்களில் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாம் வரக்கூடும். ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போட்டவுடன் "விரதத்தில் மருந்து வேண்டாம்" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. பிறகு வருவதைச் சாமி குற்றம் என்கிறார்கள். அண்மையில் ஒக்கலிபுரத்தில் ஒரு வீட்டில் நடந்த துயரம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தின் பொருட்டு விவரம் இங்கே வேண்டாம். மாத்திரையை ஒரே நாளில் விட்டதில் தொடங்கியது அது என்பது மட்டும் போதும்.

அந்த மாத்திரை பல மாதங்களாக மருத்துவரைப் பார்க்காமலே வாங்கப்பட்டு வந்தது. இதுதான் இந்த வேண்டுகோளின் மையம். தீர்ந்த அட்டையை மெடிக்கலில் நீட்டினால், "எத்தனை வேண்டும்?" என்ற ஒரே கேள்வியோடு அடுத்த அட்டை வந்துவிடுகிறது. மருத்துவர் சீட்டு எங்கே, எழுதி எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பாதி அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதியும் சிவப்புக் கோடும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. அந்தச் சிவப்புக் கோடு அலங்காரம் அல்ல. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ளவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது.

எஸ்சிட்டாலோபிராமையும் குளோனசிபாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்பது இந்தியாவில் சாதாரணம். முதலாவது மாதக்கணக்கில் சாப்பிடுவதற்கானது. இரண்டாவது பொதுவாகச் சில வாரங்களுக்கு மட்டும். நீண்டால் உடல் அதற்குப் பழகிவிடும், திடீரென்று நின்றால் வலிப்புகூட வரலாம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து அது. அதைத்தான் "தூக்க மாத்திரை", "நரம்பு மாத்திரை" என்று பெயர் சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இரண்டு பிய்த்துக் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு எழுதிய மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது. மனம் ஒரேயடியாக எழும்பியும் விழுந்தும் வரும் இருதுருவ நோய் உள்ளவருக்கு, மனச்சோர்வு மாத்திரை தனியாகப் போனால் வெறிநிலையையே தூண்டிவிடலாம்.

மருத்துவரிடம், சாப்பிடும் வேறு மருந்துகள் உட்பட, எதையும் மறைக்கக் கூடாது. டிரமடால் என்ற வலி மாத்திரை, லினிசோலிட் என்ற கிருமிக்கொல்லி, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து ஆகியவை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரோட்டோனின் அளவு மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பிரின், ஐபூபுரூஃபன் வகை சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு உடலில் சோடியம் குறையலாம். கருவுற்றவர்கள் பயந்து தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. மதுப் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு என்று தெரிந்தது. மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. கணக்கெடுத்த நிறுவனம் இதே நகரில், ஓசூர் ரோட்டில் இருக்கிறது. அதன் வாசலை மிதித்தால் "நிமான்ஸ் கேஸ்" என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம்தான் பலரை மெடிக்கல் வாசலுக்குத் தள்ளுகிறது. அந்தச் சொல்லை வைத்துச் சிரித்த ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு. வெளியே போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலிமானஸ் மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணமில்லை, இரவு பகல் உண்டு, தமிழிலும் பேசலாம்.

வீட்டார் மாத்திரைகளைத் தம் கைவசம் வைத்து, நாளுக்குரியதை மட்டும் எடுத்துக் கொடுப்பது நல்லது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மாத்திரைகள் அளவு மீறினால் இதயத்தையே நிறுத்தக்கூடியவை. மீந்தவற்றை அலமாரியில் சேர்த்து வைக்கக் கூடாது.

மருந்துக் கடைக்காரர்கள் இதே தெருக்களில் வாழ்கிறவர்கள். கடனுக்கும் மருந்து கொடுத்து உதவியவர்கள் அவர்களில் உண்டு. அவர்களிடம் கேட்பது ஒன்றே: சீட்டில்லாமல் இந்த மாத்திரைகள் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. இனியும் அட்டையைப் பார்த்துக் கொடுக்கும் கடைகளைப் பற்றி, கடையின் பெயரும் தேதியும் குறித்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் புகார் போகும். மருந்து விதிகளை மீறினால் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் அத்துறைக்கு உண்டு.